ட்ரம்பெட் கிரேடு தேர்வு: பாதிப் பாடம் ஊதாமலே

ட்ரம்பெட் பயிற்சியில் முதலில் களைத்துப்போவது உதடு. பியானோ படிப்பவர் ஒரே வரியை மணிக்கணக்கில் வாசிக்கலாம். நமக்கோ சிறிது நேரத்திலேயே மேல் ஸ்வரங்கள் நழுவத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகும் விடாமல் ஊதினால் பிழைதான் பழகும். குன்னூரில் இருந்தபடி ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் ஐந்தாம் கிரேடுக்குத் தயாரானபோது, புதிய பாடத்தில், அதாவது வாசிக்க வேண்டிய இசைத்துண்டில், பாதியையாவது ஊதாமலே படிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வேலை பாடுவது. கையால் தாளம் போட்டுக்கொண்டு, ஸ்வரத்தை வாய்விட்டுப் பாட வேண்டும். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான். ட்ரம்பெட்டில் விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் எதையும் தொடாமலே ஸி, ஜி, மேல் ஸி, இ, அதற்கும் மேலே ஜி என்று பல ஸ்வரங்கள் வரும். எது ஒலிக்க வேண்டும் என்பதை விரல் தீர்மானிப்பதில்லை. காதும் உதடும்தான் தீர்மானிக்கின்றன. மனதில் கேட்காத ஸ்வரம் ஊதும்போது உடைந்துதான் வரும். ஆலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது விரல். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக ஓடவிட்டு, ஊதாமல் வால்வுகளை மட்டும் அழுத்திப் பாருங்கள். கீழ் டி-யிலிருந்து அதற்கு அரை ஸ்வரம் மேலே உள்ள இ ஃப்ளாட்டுக்குப் போகும்போது மூன்றாம் வால்வு அசையாமல் நிற்க, முதல் விரல் எழவும் நடுவிரல் அழுந்தவும் வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் நடக்காவிட்டால் இடையில் வேண்டாத ஒரு ஸ்வரம் எட்டிப்பார்க்கும். வேகமாக ஊதும்போது பிடிபடாத இந்தத் தடுமாற்றம், ஊதாமல் அழுத்தும்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பிறகுதான் ஊதல். உதடு களைக்காமல் இருக்கும்போதே மிகக் கடினமான இரண்டு பார்களை (தாளக் கட்டங்களை) எடுங்கள். பாடத்தைத் தலையிலிருந்தே ஒவ்வொரு முறையும் ஆரம்பித்தால், முதல் வரி மட்டும் அழகாகத் தேறும். நான் கடைசி வரியில் தொடங்கி, அதற்கு முந்தைய வரியை முன்னால் ஒட்டிக்கொண்டே போவேன். ஊதிய நேரம் அளவுக்கு ஓய்வும் உண்டு. அந்த ஓய்வில் மறுபடி விரல் பயிற்சி.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் சுருதி மாறிவிடாது, மாற்றுவது குளிர். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் குறையும், சுருதியும் இறங்கும். அதனால் மார்கழிக் காலையில் சுருதி காட்டும் ட்யூனரைப் பார்க்கும் முன், சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் விட்டுக் கருவியைச் சூடாக்குவேன். எனக்குத் தேர்வு கோவையில். மலையிறங்கினால் சுருதி ஏறும், தேர்வில் உடன் வாசிக்கும் பியானோவோ நமக்காக வளையாது. சுருதி சரிசெய்யும் நகரும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைச் சற்று வெளியே இழுக்க வேண்டியிருக்கும். வெளியூர்த் தேர்வு என்றால் முன்கூட்டியே போய், அந்த அறைச் சூட்டில் கருவியைச் சிறிது நேரம் இருக்கவிடுங்கள்.

மொத்தம் 150 மதிப்பெண்ணில் மூன்று பாடங்களுக்கு 90. ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசைகளுக்கு) 21, முன்பின் பார்க்காத இசையைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, கேட்டுப் பதில் சொல்லும் செவிப் பயிற்சிக்கு 18. இந்த 60-ஐப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். தினமும் பாடிப் படித்தவருக்குச் செவிப் பயிற்சி தனிச்சுமையாக இருக்காது. சைட் ரீடிங்குக்கு அரை நிமிடம் பார்க்கத் தருவார்கள். அதை முதல் வரியை ஊதிப் பார்த்தே செலவழிக்காமல், எந்த ஸ்வரங்கள் ஷார்ப் அல்லது ஃப்ளாட் என்று வரியின் தொடக்கத்தில் காட்டும் கீ சிக்னேச்சரையும் தாளத்தையும் பார்த்துவிட்டு, சிக்கலான இடத்தை மனதுக்குள் பாடியபடி வால்வுகளை அழுத்திப் பாருங்கள்.