கண்ணைப் பார்க்கச் சொல்லும் முன்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் அடிக்கடி முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும் இலக்கு இது: 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்தில் எட்டு முறை கண்ணைப் பார்ப்பான்.' எண்ணுவது சுலபம், மூன்று மாதத்தில் முன்னேற்றமும் காட்டிவிடலாம். பார்ப்பதால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பது பெரிய பாரம். பார்வையை அங்கே நிறுத்துவதிலேயே தெம்பு போய்விடுவதால், காதில் விழுந்த சொல் தங்காது. சுவரைப் பார்த்தபடியே சொன்னதைச் செய்கிறான் என்றால் கவனித்திருக்கிறான், அவ்வளவுதான். பெரியவர்களை நிமிர்ந்து பார்க்காததே மரியாதை என்று வளர்க்கப்பட்ட நாம் இப்படியோர் இலக்கை எழுதுவதும் வேடிக்கைதான்.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1987இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேர நடத்தைப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் 'இயல்பு நிலை' அடைந்ததாகக் கணக்கிட்டார்கள். சராசரி ஐக்யூ, சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்புத் தேர்ச்சி, இவைதான் அளவுகோல். உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன. அடி பெரும்பாலும் போய்விட்டது. மற்றவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்ற அளவுகோல் இன்னும் போகவில்லை.

கையை உதறும் பிள்ளையிடம் 'கையைக் கட்டு' என்று சொல்வதும் அந்த வகைதான். உதறல் நின்றுவிடும், சில நாளில் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கலாம். பதற்றத்தைத் தணித்த வழியை அடைத்தோமே தவிர, பதற்றத்தைத் தொடவில்லை. ஒரு வாரம் நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது என மூன்றை மட்டும் குறித்து வைத்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும்: மிக்ஸி, பிரேயர் மைக், பசி. மைக்தான் காரணம் என்றால் பிரேயர் முடிந்தபின் வகுப்புக்கு வரட்டும். சத்தத்தைக் குறைக்கும் காது மஃப் உதவும், ஆனால் நாள் முழுக்க மாட்டிவிடக் கூடாது. சின்னச் சத்தமும் பிறகு பெரிதாகக் கேட்கும்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐசா (ISAA) என்ற ஆட்டிசம் அளவீட்டில் 40 கூறுகள். 70 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஆட்டிசம். முதல் கூறே கண் பார்க்காமை. சான்றிதழ் வேண்டும், நிரப்பத்தான் வேண்டும். அந்தக் குறைப் பட்டியலையே இலக்குப் பட்டியலாக நகல் எடுப்பதுதான் கோளாறு.

கண் பார்வைக்குச் செலவிடும் மூன்று மாதத்தை 'வேண்டாம்' கார்டுக்குக் கொடுக்கலாம். பேச்சு வராத பிள்ளைகளின் படக் கார்டுகளில் பிஸ்கட், தண்ணீர், பாத்ரூம் எல்லாம் இருக்கும். 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்குது' மூன்றும் பெரும்பாலும் இருக்காது. கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம், மறுக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. சற்றே பிடிக்காத வேலையைக் கொடுத்து, முகம் சுளிக்கும்போதே, அழுகைக்கு முன்பே, பின்னால் இருப்பவர் பிள்ளையின் கையைப் பிடித்துக் கார்டை எடுக்க உதவ வேண்டும். கார்டு நீண்ட அந்த நொடியே வேலை நிற்க வேண்டும். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு முடிச்சிடு கண்ணா' என்ற இடத்தில்தான் எல்லாம் கெடும். கார்டு வேலை செய்யாது, பென்சிலை வீசினால் வேலை செய்யும் என்று பிள்ளை சரியாகவே கற்றுக்கொள்கிறது. முதல் சில வாரங்கள் ஒருமுறைகூட மறுக்காமல் இருந்தபின்தான் 'இரண்டு முடித்துவிட்டு நிறுத்தலாம்' என்று பேரம் பேச முடியும்.

கார்டைத் தெரபி அறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவது வழக்கமான தவறு. ஒன்று இடுப்பு பெல்ட்டில், ஒன்று ஸ்கூல் வேனில், ஒன்று பாட்டியிடம் இருக்கட்டும்.