அப்பாவுக்குப் பின் பீரோவில் இருந்த துப்பாக்கி

துப்பாக்கி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. உரிமதாரர் கண்மூடியதும் உரிமமும் முடிந்தது. அதற்குப் பிறகு அதே பீரோவில், அதே உறைக்குள் இருந்தாலும், மனைவி மக்களைப் பொறுத்தவரை அது உரிமமில்லாத ஆயுதம். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிற வீடுகள் களக்காடு, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கம் இன்னும் இருக்கின்றன. "அது பாட்டுக்குக் கெடக்கு, யார் எடுக்கா" என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அந்த வீட்டுக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்குக் களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஏத்தன் வாழைத் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே. கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அப்பாவிடம் இரட்டைக் குழல் பன்னிரண்டு 'போர்' (குழல் அளவு) துப்பாக்கி இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே வாங்கிய உரிமம். தேர்தல் அறிவிப்பு வந்தால் பழைய வேட்டியில் சுற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வருவார். தேர்தல் முடிந்ததும் போய் எடுத்து வருவார். அவர் அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா இறந்த வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்த மாமா ஒருவர் ரிட்டையர்டு ஏட்டு. அவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, "யம்மா, அந்தச் சாமான மொதல்ல ஸ்டேஷன்ல கொண்டு கொடுத்துரு. பதினாறு முடியட்டும், அது முடியட்டும்னு வச்சிக்கிட்டிருக்காத" என்றார். 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வதும் அதுதான். எந்தக் காரணத்தாலோ ஆயுதம் வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நானே நேரே தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். துப்பாக்கியோடு மிச்சமிருந்த தோட்டாக்களையும் ஒன்று விடாமல் கொடுக்க வேண்டும். ரசீதில் துப்பாக்கி எண், வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பின்னால் எல்லா மேசையிலும் கேட்பது அந்த ரசீதைத்தான்.

ஒப்படைத்தாயிற்று. அப்புறம் என்ன செய்வது? வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கித் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். உரிமமுள்ள வியாபாரிக்கோ, உரிமமுள்ள வேறொருவருக்கோ விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாமென்றால் அரசுக்கே விட்டுவிடலாம். யாரும் உரிமை கோராமல் அப்படியே கிடந்தால் மாவட்ட நடுவர், அதாவது கலெக்டர், பறிமுதல் செய்து ஆணையிட முடியும்.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன், "வித்துப் போட்டுரு ளா, நமக்கு எதுக்கு அந்த வம்பு" என்றான். அம்மாவுக்கும் அது வீட்டில் இருக்கவே கூடாது. சித்தப்பா ஒரு படி மேலே போய், கடையம் பக்கத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை எடுத்துச் சொன்னார். முகமூடி போட்டுக்கொண்டு அரிவாளோடு வந்த திருடர்களை வயதான கணவனும் மனைவியும் செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் வீசியே விரட்டினார்களே, அது. சுதந்திர தின விழாவில் அரசு அவர்களுக்கு விருதும் கொடுத்தது. "அவங்ககிட்ட துவக்கா இருந்துச்சு?" என்று கேட்டார் சித்தப்பா. நல்ல கேள்விதான். அந்த அம்மாவின் தைரியத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் என் அம்மாவுக்கு முட்டுவலி, நாற்காலியைத் தூக்க முடியாது. ராத்திரி அந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் கேட்டு வாங்க முடிவு செய்ததற்குக் காரணம் அதுதான். அப்பா நினைவாக ஒரு பொருள் வேண்டுமென்றால் அவர் கைக்கடிகாரம் இருக்கிறது.

வாரிசுக்கு உரிமம் தருவது பற்றி 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி பேசுகிறது. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளிடமிருந்து 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்ற உறுதிமொழிப் பத்திரம், இவை அடிப்படை. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டான். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் டாக்டர் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். விவரமெல்லாம் உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் ஏறி நமக்கென்று தனி அடையாள எண் ஒன்று வரும். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. பழைய உரிமப் புத்தகத்தில் அப்பாவுக்கு அந்த எண் ஏறியிருந்தது எங்களுக்கு வேலையைக் குறைத்தது.

பயிற்சிச் சான்று (எஸ்-1 படிவம்) வாங்கத்தான் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். பல பேர் இதை வெறும் காகிதமாக நினைக்கிறார்கள். எனக்கு இந்த நடைமுறை முழுவதிலும் அதிகம் உதவியது அந்தப் பயிற்சிதான். சொல்லிக்கொடுத்தவர் முதல் வகுப்பில் சுடவே விடவில்லை. கையில் கொடுப்பார், வாங்கியதும் குழலை மடக்கி இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். "இப்பத்தான நீங்களே பாத்து தந்திய?" என்று கேட்டேன். "நான் பாத்தது எனக்கும்மா. நீங்க பாருங்க" என்றார். குழலின் வாய் ஒருபோதும் ஆளைப் பார்த்துத் திரும்பக்கூடாது, சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்குள் போகக்கூடாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். முன்வாசலுக்கு நேர் எதிரே, வாழைக்கு அப்பால், தண்ணீர் பாய்ச்ச வரும் ஆட்கள் படுக்கும் கொட்டகை இருக்கிறது. சுட்டபோது தோளில் விழுந்த இடி இரண்டு நாள் வலித்தது.

பிறகு விசாரணை. கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கம் போலீசுக்கும், ஒரு பக்கம் வருவாய்த் துறைக்கும் கோப்பு போனது. காடு பக்கத்தில் இருப்பதால் வனத்துறையிடமும் கருத்துக் கேட்டார்கள். முண்டந்துறை புலிகள் காப்பகத்தோடு எங்கள் களக்காட்டுக் காடும் சேர்ந்ததால் அது நியாயமான கேள்வி. வி.ஏ.ஓ. வந்து பட்டா, வீட்டின் இருப்பிடம், பக்கத்து வீட்டுத் தூரம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று ஒருவர் கேட்டார். சட்டத்தில் ஆண், பெண் என்று எங்கேயும் இல்லை என்று சொன்னேன். அதோடு விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் விசாரணையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கு ஏதும் உண்டா, குடும்பத்தில் சொத்துத் தகராறு உண்டா, வீட்டில் குடிப்பவர் உண்டா என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார்.

"ராத்திரி ரெண்டு மணி. ஒருத்தன் காம்பவுண்டுக்குள்ள நிக்கான். சுடுவீங்களா?"

"மாட்டேன் சார். கதவப் பூட்டிக்கிட்டு 112க்குப் போடுவேன்."

"மோட்டாரைத் தூக்கிட்டு ஓடுதான்?"

"ஓடட்டும் சார்."

"கதவ ஒடைச்சிட்டு அருவாளோட உள்ள வாரான்?"

அதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவரே சொன்னார்: "அந்த இடத்துக்கு மட்டுந்தாம்மா சட்டம் ஒங்களுக்குத் தொணை நிக்கும். மத்த இடத்துல எல்லாம் நீங்கதான் அக்யூஸ்டு."

வீட்டுக்கு வந்து அதைப் படித்தேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், தற்காப்பு எதிராளியின் உயிரைப் போக்கும் அளவுக்கும் செல்லும் என்கிறது 38ஆம் பிரிவு. பொருளைக் காப்பதற்கு 41ஆம் பிரிவு. கொள்ளை, சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையே வீடு உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயம் உண்டாக்கும் விதத்தில் நடக்கும் திருட்டு, சேதம் விளைவித்தல், வீட்டுக்குள் அத்துமீறல் ஆகியவற்றுக்கு மட்டும் அந்த எல்லை. வெறும் திருட்டுக்கு இல்லை. இதற்கெல்லாம் மேலே 37ஆம் பிரிவு நிற்கிறது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை, தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டுவிட்டு, உயிருக்குப் பயந்து சுட்டேன் என்று கோர்ட்டில் நின்று எப்படிச் சொல்வது?

தோட்டக்காரர்கள் அடுத்து கேட்பது பன்றியைப் பற்றி. ஒரே ராத்திரியில் வாழைக்கன்றுகளைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும் பன்றியை இந்தத் துப்பாக்கியால் சுடலாமா? கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு கொடுத்த அனுமதி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடுவதற்கு. உரிமம் இருக்கிறது என்று விவசாயி சுட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குத்தான். உரிமமும் போய்விடும். மயிலும் அப்படியே. கரண்டு வேலி, அவுட்டுக்காய் (வெடி வைத்த தீனி) என்று போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. கரண்டு வேலியில் பன்றிக்குப் பதில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதன் செத்த செய்திகளை நாம் படிக்காமல் இல்லை.

இடையில் ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு மாதக்கணக்கில் நகரவில்லை. கேட்டால் "அனுப்பியாச்சு" என்பார்கள். அடுத்த இடத்தில் "வரலையே" என்பார்கள். நான் திருநெல்வேலி கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மனுவுக்கு எண் விழுந்த பிறகு கோப்பு கிடைத்துவிட்டது. தரகர்கள் இருக்கிறார்கள், என்னையும் அணுகினார்கள். ஐந்து பைசா கொடுக்கவில்லை. உரிமத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், மேல்முறையீடு செய்யலாம் என்று 18ஆம் பிரிவும் சொல்கின்றன. அது தெரிந்திருந்ததால் பயமில்லாமல் காத்திருக்க முடிந்தது. இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தற்காப்புக்கு என்று கேட்கும்போது, 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைச் சட்டமே தனியாகக் குறிப்பிட்டுச் சாதகமாகப் பார்க்கிறது. பிஸ்டல், ரிவால்வருக்கு நல்ல காரணம் இருப்பதாக அதிகாரி திருப்திப்பட வேண்டும்.

காத்திருந்த நாட்களில் அண்ணன், "இது வெள்ளைக்காரன் போட்ட சட்டம், நம்ம கையக் கட்ட" என்று போனில் சொல்வான். பாதி உண்மை. 1801 போருக்குப் பின் நம் பக்கத்துப் பாளையங்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியருக்கு ஒரு நியாயம், ஐரோப்பியருக்கு ஒரு நியாயம். அதை நீக்கிவிட்டுச் சுதந்திர நாடு எழுதிக்கொண்டது 1959 சட்டம். அதன் கட்டுப்பாடுகளில் இந்தியர், ஐரோப்பியர் என்ற அந்தப் பேதம் இல்லை. இவ்வளவு கேள்வி கேட்டுத்தான் ஒரு துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்தும். கேள்வி இருக்கட்டும், கோப்பு தூங்கக் கூடாது.

உரிமம் வந்தது. ஆணையோடு ஸ்டேஷனுக்குப் போய், எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்திட்டு வாங்கினேன். குழலுக்குள் லேசாகத் துரு பிடித்திருந்தது. துப்பாக்கி பழுது பார்க்க உரிமம் உள்ளவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொண்டேன். இப்போது அது சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். சாவி என்னிடம் மட்டும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடு என்பதால் இதில் ஒரு தளர்வும் கிடையாது. விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் பின்வாசல் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு உதைக்குத் தாங்காதும்மா" என்று சொல்லியிருந்தார். அதனால் கிரில் கதவு போட்டோம், நாலு மூலையிலும் விளக்கு வைத்தோம், கோம்பை நாய் ஒன்று வாங்கினோம். அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குவது அந்தக் கிரில் கதவால்தான். நான் அதை மறுக்கவில்லை. இத்தனை அரணும் தாண்டி ஒருவன் ஆயுதத்தோடு உள்ளே வந்தால் மட்டும் திறக்க வேண்டிய பெட்டி அது.

உரிமம் 5 ஆண்டுக்கு. முடியும் தேதிக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தேதி தாண்டினால் மறுபடி 21ஆம் பிரிவு, மறுபடி ஸ்டேஷன். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்திருக்கலாம். வாரிசாக வருவதும் அந்தக் கணக்கில் அடக்கம். உங்கள் வீட்டு உரிமதாரர் 70 வயதைத் தொட்டிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தான் விரும்பும் வாரிசின் பெயரைச் சொல்லி மாற்றித்தர அதே 25ஆம் விதி இடம் தருகிறது. அவரே வந்து கையெழுத்துப் போட்டால், வாரிசுச் சான்றிதழுக்காக அலைய வேண்டியதில்லை, துக்க வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகவும் வேண்டியதில்லை. இந்த வாரமே பழைய உரிமப் புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.