ஈறில் வந்தால் ஒரு கணக்கு, எலும்பில் வந்தால் வேறு கணக்கு

வாயில் வந்த கட்டியின் பயாப்ஸி (துண்டெடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் ‘ஜெயன்ட் செல் கிரானுலோமா’ (பெரிய செல்கள் நிறைந்த, புற்றுநோய் அல்லாத கட்டி) என்று இருந்தால், இது அடிக்கடி வருவதா, அரிதா? எந்த இடத்தில் வந்தது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

ஈறில் வருவதுதான் அதிகம். ஊதா கலந்த சிவப்புக் கட்டி, பெரும்பாலும் 2 செ.மீ.க்குள் இருக்கும். உள்ளே ரத்தம் கசிந்து இரும்புச்சத்து படிவதால்தான் அந்த நிறம். ஈறும் பல் விழுந்த மேடும் தவிர வாயில் வேறெங்கும் இது வராது. நாக்கில் இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். மேலாக மட்டும் வெட்டினால் திரும்பி வரும், ஏனென்றால் கட்டியின் வேர் பல்லைச் சுற்றிய தசைநாரிலும் எலும்புறையிலும் இருக்கிறது. எலும்பு தெரியும்வரை எடுத்து, பக்கத்துப் பல்லின் காரையையும் சுரண்டிவிட வேண்டும். அப்படிச் செய்தும் சுமார் 10 சதவீதம் பேருக்குத் திரும்ப வரலாம்.

தாடை எலும்புக்குள் வருவது உண்மையிலேயே அரிது. நெதர்லாந்தில் நாடு தழுவிக் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இருந்தது. பெரும்பாலும் 30 வயதுக்குள், பெண்களுக்கு அதிகம், மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையில்.

இந்தக் கட்டி பற்றிச் சொல்லப்படும் மற்ற சதவீதங்களை நம்பும் முன் கொஞ்சம் நிதானம் தேவை. பல ஆய்வுகள் எண்ணுவது மக்களை அல்ல, லேபுக்கு வந்த பயாப்ஸிகளை. ஈறுக் கட்டியை வெட்டி, துண்டை லேபுக்கு அனுப்பாமலே விட்டால் அது எந்தக் கணக்கிலும் சேராது. தயவுசெய்து எவ்வளவு சின்னத் துண்டானாலும் அனுப்புங்கள்.

இன்னொரு பெரிய சிக்கல்: கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதால் வரும் ‘பிரவுன் டியூமர்’, மைக்ரோஸ்கோப்பில் அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். பல உட்கருக்கள் கொண்ட அதே பெரிய செல்கள், அதே ரத்தக் கசிவு. ஸ்லைடை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் எலும்புக்குள் இருந்தால் கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்படேஸ், பி.டி.எச். (பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன்) நான்கையும் ரத்தத்தில் பார்த்த பிறகே தாடையில் கை வைக்க வேண்டும். பி.டி.எச். அதிகம் என்றால் முதலில் சுரப்பிக்குத்தான் சிகிச்சை; அது சரியானால் தாடைக் கட்டி தானே சுருங்குவதும் உண்டு. அதேபோல், சின்னக் குழந்தைக்கு இரண்டு பக்கத் தாடையும் சமமாக வீங்கினால் செருபிசம் என்ற பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வயது ஏற ஏற அது தானாக வடியும், அவசரப்பட்டு அறுக்கத் தேவையில்லை.