கள்ளு ஷாப்பும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும்

லிபரல்னா நல்லவன், கன்சர்வேட்டிவ்னா பழைய பஞ்சாங்கம். ப்ளஸ் ஒன்ல பொலிட்டிக்கல் சயின்ஸுக்கு வர்ற பசங்கள்ல பாதிப்பேரு இப்படித்தான் நினைச்சிட்டு வர்றாங்க, மீதிப் பேருக்கு இதுவே தலைகீழ். ரெண்டு கூட்டத்துக்கும் வாத்தியார் வாட்ஸப்தான். நான் எடுக்குறது கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம், தமிழ் மீடியம். இங்க ஒரு கட்சி பேரச் சொன்னாலே கிளாஸ் ரெண்டாப் பிரிஞ்சிரும், யாரு வீட்ல எந்தக் கொடின்னு எல்லாருக்கும் தெரியும். அதனால இந்தப் பாடத்துக்கு மட்டும் கட்சி பேரே எடுக்கிறதில்ல.

அதுக்குப் பதிலா கள்ளு விஷயத்த எடுத்துக்கிட்டேன். எங்க சித்தூர் தாலுகாவுல இறக்குற தென்னங்கள்ளு பெர்மிட்டோட வேன்ல ஏறி கேரளாவுல மத்த ஜில்லாவுக்கெல்லாம் போகுது, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுல பொள்ளாச்சி பக்கம் போனா அதே தென்னை அதே பாளைதான், ஆனா கள்ளு இறக்குனா கேஸ், 1987ல இருந்து அங்க தடை, அந்தப் பக்கம் சாராயக்கட மட்டும் 2003ல இருந்து அரசாங்கமே டாஸ்மாக்னு நடத்துது. யாரு பண்றது சரின்னு கேட்டேன்.

லிபரல்களோட முன்னோடியான இங்கிலாந்து தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், 1859ல சுதந்திரத்தப் பத்தி எழுதின புத்தகத்துல அமெரிக்காவுல மெய்ன் மாகாணத்து மதுவிலக்குச் சட்டத்த எடுத்து விளாசியிருக்காரு. வளந்தவன் தனக்குத்தான கெடுத்துக்கிட்டா அது அவன் பாடு, அடுத்தவனுக்குக் கெடுதல் வந்தாத்தான் சட்டம் உள்ள வரலாம்னு. கடைசி பெஞ்ச்ல ஒரே கைதட்டல்.

ஒரு பொண்ணு எந்திரிச்சு, "அவரு வீட்ல யாரும் குடிக்க மாட்டாங்க போல சார்" அப்படின்னுச்சு.

குடிச்சுட்டு குடும்பத்தக் காப்பாத்தாதவன தண்டிக்கலாம்னு மில்லே சொல்றாரு, ஆனா குடிச்சதுக்கு இல்ல, கடமைய விட்டதுக்குன்னு விளக்குனேன். "அதுக்குள்ள வீட்ல எல்லாம் முடிஞ்சிரும்ல சார்"ன்னு உக்காந்துருச்சு, சமாதானம் ஆகல.

அப்ப இன்னொரு பையன், அவங்கப்பா கள்ளு இறக்குறவரு, "தாத்தா காலத்துல இருந்து ஏறுற மரம் சார், ஒரு சட்டம் போட்டு ராத்திரியோட ராத்திரியா இறங்குன்னா எங்க போறது"ன்னான். கன்சர்வேட்டிவ் பக்கத்து ஆளான பிரிட்டிஷ் எம்.பி. எட்மண்ட் பர்க் 1790ல பிரெஞ்சுப் புரட்சியப் பாத்துப் பயந்தது கிட்டத்தட்ட இதுதான், தலைமுறை தலைமுறையா வந்தத ஒரே நாள்ல புடுங்கிப் போடாதே, மாத்தணும்னா கொஞ்சங்கொஞ்சமா மாத்துன்னு. ஆக கள்ளுக்கு ஆதரவா லிபரலும் பேசுறான் கன்சர்வேட்டிவும் பேசுறான், காரணந்தான் வேற வேற. போர்டுல லிபரலுக்கு ஒண்ணு கன்சர்வேட்டிவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பத்தி போட்டு வெச்சிருந்தேன், அத அப்பவே அழிச்சுட்டேன்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. கம்பெனி ஆட்சியில கவர்னர் ஜெனரலா இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்தியாவுல பண்ண அட்டூழியத்துக்கு 1788ல இருந்து 1795 வரைக்கும் பார்லிமெண்ட்ல கேஸ் நடந்துச்சே, அந்தக் கேஸ முன்ன நின்னு நடத்துனது கன்சர்வேட்டிவ்களோட மூலவரான இந்த பர்க்தான் (ஹேஸ்டிங்ஸ் தப்பிச்சுட்டாரு, அது வேற கதை). சுதந்திரம் பேசின மில் 1823ல இருந்து 1858 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியில சம்பளம் வாங்குனவரு, இந்த மாதிரி நாடுகளுக்கு இன்னும் சுயாட்சிப் பக்குவம் வரலங்குறதும் அவரு வாதந்தான். இதச் சொன்னதும் பசங்க மூஞ்சியப் பாக்கணுமே.

நம்மாளுன்னா ராஜாஜி. 1937ல சேலத்துல மதுவிலக்கு, 1939ல கோயில் நுழைவுக்குச் சட்டம், 1953ல அரை நாள் பள்ளிக்கூடம் மீதி நேரம் அப்பன் தொழில், 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு தொழில் பண்ண எதுக்கெடுத்தாலும் அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்குற பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம் ஒழியணும்னாரு. இவர எந்தப் பக்கம் வெப்பீங்கன்னு கேட்டா ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு வருஷத்தப் புடிச்சுக்கிட்டு சண்ட போடுறான்.

அதுக்கப்புறம் ஆள மாத்தி விட்டேன். கள்ளு வேணுங்குறவன் வேண்டாங்குறவங்களுக்காகப் பேசணும், எதிராளியே "ஆமா, நான் சொன்னது இதத்தான்"னு ஒத்துக்குற வரைக்கும் உக்கார விடமாட்டேன். கடைசி பெஞ்ச்காரன் நாலு தடவ எந்திரிச்சான், அந்தப் பொண்ணு நாலு தடவயும் தலைய ஆட்டவே இல்ல.

பரீட்சைல என்னமோ ரெண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுகன்னுதான் கேப்பாங்க, அதுக்குத் தனியா நோட்ஸ் எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன்.