அப்பாவின் துப்பாக்கி உரிமம் என் பெயருக்கு மாறிய விதம்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், தென்மாவட்டம் ஒன்றில், மக்காச்சோளமும் நிலக்கடலையும் மாறி மாறிப் பயிராகும் கிணற்றுப் பாசன நிலம் எங்களுடையது. அந்த நிலத்தின் காவலுக்கென்று அப்பா நெடுங்காலமாக ஒரு 12 போர் குழல் அளவுள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அந்த உரிமத்தை என் பெயரில் பெறுவதற்கு நான் கடந்து வந்த நடைமுறையை இங்கே எழுதுகிறேன். அக்கம்பக்கத்து ஊர்களில் இதே நிலையில் இருப்பவர்கள் அரைகுறையான தகவல்களோடு அலைவதைப் பார்ப்பதுதான் இதை எழுதக் காரணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் ஆளுக்குத்தான் தரப்படுகிறது. உரிமதாரர் இறந்துவிட்டால் வீடு, நிலம் போலத் துப்பாக்கி தானாக வாரிசின் கைக்கு வந்து சேராது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் இல்லாதவர் அதை வைத்திருப்பதே குற்றம் என்பதால், தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைத்துச் சீட்டு வாங்கிவிட வேண்டும். எங்களுக்கு அந்த வேலை மிச்சமானது. அப்பா இறந்த சமயத்தில் தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும், முடிவுகள் வெளியாகிச் சில நாள் கழித்துத் திருப்பித் தருவதும் தமிழ்நாட்டு உரிமதாரர்கள் எல்லோருக்கும் பழகிப்போன சடங்கு. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று ஒவ்வொரு முறையும் வாங்கிய சீட்டுகளை அப்பா உரிமப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். அவற்றில் கடைசிச் சீட்டுதான் எங்களுக்கு ஆதாரமாயிற்று.

அலுவலகங்களுக்குப் போகும் முன்பே வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. கோவையில் வேலை பார்க்கும் என் தம்பி, துப்பாக்கியே வேண்டாம் என்ற கட்சி. "அண்ணே, வீட்ல சின்னப் பிள்ளைங்க நடமாடுது. அப்பாவோட போகட்டும், கடையில குடுத்துருவோம்" என்று சொன்னான். துப்பாக்கி வைத்திருப்பதும் வைத்திராததும் தனிமனிதனின் விருப்பம் என்று பேசுபவர்கள் மறந்துவிடுகிற இடம் இது: ஒருவன் விருப்பத்துக்கு ஒரு கூரையின் கீழ் இருக்கும் அத்தனை பேரும் பொறுப்பாகிறார்கள். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்ததால், தம்பியின் கையெழுத்து இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது. இரும்பு அலமாரியில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டாக்கள் வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும், இரண்டு சாவியும் என்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அவன் கையெழுத்திட்டான். பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழியை அரசும் பிறகு கேட்டது. அரசுக்கு முன்பே தம்பி கேட்டுவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.

வாரிசுக்கு உரிமம் தருவதற்கென்று 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளில் தனி விதியே இருக்கிறது. உரிமதாரர் இறந்த பிறகுதான் என்றில்லை. அவருக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தம் வாரிசுகளில் ஒருவரை முன்மொழியலாம். அப்பா இரண்டு தகுதிகளையும் தாண்டியவர், ஆனால் இப்படி ஒரு விதி இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களின் வீட்டில் வயதான உரிமதாரர் இருந்தால், இப்போதே இந்த வழியைப் பார்த்துவிடுவது நல்லது. வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கும் காலம் முழுவதும் மிச்சமாகும்.

விண்ணப்பத்தை முதலில் மத்திய உள்துறையின் இணையதளத்தில் பதிந்து, அதன் அச்சுப்படியை ஆவணங்களோடு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நாடு முழுவதும் உள்ள உரிமதாரர்கள் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதால், பழைய உரிமத்துக்கு அதில் தனி அடையாள எண் வாங்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலிலேயே பார்க்கிறார்கள். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. ஆதார், பட்டா, சிட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை எதிர்பார்த்தவைதாம். உடல்நலத்தோடு மனநலத்துக்கும் போதைப் பழக்கம் இல்லை என்பதற்கும் மருத்துவர் தரும் சான்றும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்றும் பலர் எதிர்பாராதவை.

அந்தப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே அந்தத் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் ரைபிள் கிளப்புக்குப் போனேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பயிற்றுநர், சுடுவதற்குக் கொடுத்த நேரத்தைப் போலப் பல மடங்கு நேரத்தைச் சுடாமல் இருப்பதற்குக் கொடுத்தார். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அதை மடக்கித் திறந்து, குழலின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் பார்த்திருந்தாலும் வாங்கியவர் மறுபடி பார்க்க வேண்டும். வரப்பு தாண்டும்போதும் வேலிக்குள் நுழையும்போதும் தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும். சுடும் முடிவு எடுக்கும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இதையெல்லாம் கட்டாயமாக்கிய விதியை அரசின் தேவையற்ற தலையீடு என்று சொல்பவர் யாராவது இருந்தால், அவர் ஒருநாள் அந்தப் பயிற்சிக்குப் போய்விட்டு வரட்டும்.

காவல் நிலையக் காப்பறையில் இருந்த துப்பாக்கியை ஆயுதப்படையின் ஆயுதப் பராமரிப்பாளர் சோதித்தபோது ஒரு சிக்கல் வந்தது. உரிமப் புத்தகத்தில் எழுதப்பட்ட எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒத்திருக்க வேண்டும். அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்துபோன இரும்பில் கடைசி இலக்கம் 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தது. பராமரிப்பாளர் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். அப்படியும் துலங்கவில்லை. பின்கட்டையைக் கழற்றியபோது உள்பக்கத்தில் அதே எண் தேயாமல் இருந்தது. அந்த எண்ணை இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டுத்தான் அறிக்கையில் எழுதினார்.

காவல் துறை விசாரணை, நிலையத்தில் தொடங்கி மாவட்டக் கண்காணிப்பாளர் வரை போய், பரிந்துரையாக ஆட்சியருக்குத் திரும்புகிறது. வருவாய்த் துறை விசாரணை கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கிக் கோட்டாட்சியர் வழியாக அதே மேசைக்கு வருகிறது. என் மீது வழக்கு உண்டா, ஊரில் பகை உண்டா, குடும்பத்தில் தகராறு உண்டா என்ற கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் வாக்குமூலம் எழுதிய ரைட்டர் பேனாவை மூடிவிட்டுச் சொன்ன ஒன்று என்னை யோசிக்க வைத்தது: "அண்ணாச்சி, எதுக்குன்னு கேட்டா பயிர்க் காவலுக்குன்னு மட்டும் சொல்லுங்க. பன்னிய சுடுறதுக்குன்னு சொல்லிராதீங்க." எங்கள் பயிரைத் தின்பது பன்றிதான் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் சொன்னதில் ஒரு சட்டச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. படைக்கலச் சட்டம் பயிர்ப் பாதுகாப்பை ஒரு நியாயமான காரணமாகப் பெயர் சொல்லியே ஏற்கிறது. குடிமகன் ஒருவர் உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக குழலின் வாய் வழியே வெடிமருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால் தர வேண்டும் என்றும், அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் வேறு துப்பாக்கிக்கும் தரலாம் என்றும் 13ஆம் பிரிவு சொல்கிறது. போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்வது, ஏழை விவசாயியை நினைத்து எழுதியதைப் போலவே இருக்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வேட்டை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமின்றி, பொறி வைப்பதும் விரட்டுவதும்கூட அடங்கும். தகரம் தட்டி விரட்டுபவர் மீது யாரும் வழக்குப் போடுவதில்லை. கையில் துப்பாக்கியோடு விரட்டுபவருக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி இறங்க நான் தயாரில்லை.

வனத்துறையின் கருத்து எனக்குத் தனியாகத் தேவைப்பட்டது. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் தருவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. வாரிசுக்குத் தரும் உரிமம் பழையதன் தொடர்ச்சியா, புதியதா என்ற கேள்வியில் கோப்பு அதிக காலம் நின்றது. இடம் பார்க்க வந்த ரேஞ்சர் நல்ல மனிதர். பன்றி உழுது போட்ட நிலக்கடலைப் பாத்திகளைப் பார்த்துவிட்டு, "உங்க உரிமத்துக்கு நான் குறுக்கே நிக்கல. ஆனா அந்தத் துப்பாக்கி ஒரு பன்னி மேல வெடிச்சா நான்தான் வழக்குப் போடணும்" என்று நேராகவே சொன்னார். பயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் 11ஆம் பிரிவில் இருப்பதையும், அது தம் கையில் இல்லை என்பதையும் அவரே விளக்கினார்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும்; அதற்கும் அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். எங்கள் நிலம் 2 கிலோமீட்டருக்குள் வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவருக்கு உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டு, பட்டியலில் சேர்க்கப்பட்ட உரிமதாரர்களே வரம்புகளுக்கு உட்பட்டுச் சுடுகிறார்கள். நஞ்சும் வெடியும் மின்சாரமும் கூடாது, உடலைப் புதைத்துவிட வேண்டும் என்பவை அங்குள்ள நிபந்தனைகள். கர்நாடகத்தின் குடகில் அந்த மண்ணின் சமூகத்தவரான கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் உரிமம் பெறுவதிலிருந்தே 2029 வரை விலக்கு உண்டு; ஆனால் வேட்டைத் தடை அவர்களுக்கும் பொருந்தும்.

நான் வேட்டையைத் திறந்துவிடச் சொல்லவில்லை. கட்டுப்பாடு இல்லாத காலத்தில் காடுகள் எப்படிக் காலியாயின என்பது தெரிந்ததே. அந்தத் தடையின் பாரம் ஜமீன்களின் மேல் விழுந்ததைவிட, வேட்டையையே பிழைப்பாகக் கொண்டிருந்த நரிக்குறவர்கள் மேல்தான் கனமாக விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முறையாக உரிமம் பெற்று, பயிற்சி முடித்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குச் சொல்லும் ஒருவனைத் தடுத்து நிறுத்தும் அரசால், இரவில் திருட்டு மின்வேலி போடுபவனையும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியை இரைக்குள் வைப்பவனையும் நிறுத்த முடியவில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கம்பிக்கு எது பன்றி, எது யானை, எது மனிதன் என்று தெரியாது. சுடுபவன் பார்த்துச் சுடுவான்; தவறினால் அவன் பெயரும் எண்ணும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கட்டுப்பாடு என்று வந்தால், கண்காணிக்க முடிந்தவனை வழிக்குள் கொண்டுவருவதுதான் அதன் வேலையாக இருக்க முடியும் என்பது என் கருத்து.

உரிமம் கடைசியில் வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, திருமணங்களில் மகிழ்ச்சிக்காகச் சுடுவதையும் தண்டனைக்குரியதாக்கியது. ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா இருப்பில் வைக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பது புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. காலாவதி ஆவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும்.

மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை மனுவாகக் கொடுத்திருக்கிறேன். முதலாவது, 3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களிலாவது உரிமம் பெற்ற விவசாயிகளை வனத்துறையின் மேற்பார்வையில் பட்டியலிட வேண்டும். இரண்டாவது, பயிர்க் காவலுக்கென்று உரிமம் தரும்போது, வனவிலங்குச் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை என்பதை அதே புத்தகத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். முதலாவது அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது என்று பதில் வந்தது. இரண்டாவது மனு வனத்துறைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகக் குறிப்பாணை வந்திருக்கிறது. அது முடிவாகும் வரை, பன்றி புகுந்த மறுநாள் காலையிலேயே சேதத்தைப் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.