சிவப்பு வராத வண்டி

கரூர் மாவட்டம் க.பரமத்திப் பக்கம் ஒரு கல் குவாரியில், பதினான்கு டிப்பர்களின் பராமரிப்புப் பொறுப்பாளராக நான் சேர்ந்த முதல் வாரமே ஓர் உத்தரவு போட்டேன். தினமும் மாலையில் வண்டி நின்றதும் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காற்றடித்து மாட்ட வேண்டும் என்பதே அது. கிரஷரைச் சுற்றி எந்நேரமும் ஜல்லித் தூள் பறக்கும் இடத்தில் இதைவிடப் பொறுப்பான உத்தரவு இருக்க முடியாது என்று அன்று நம்பினேன். ஓட்டுநர்களும் முகம் சுளிக்காமல் செய்தார்கள். அவர்களில் மூத்தவர்கள் எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய ஏர் கிளீனர் காலத்தில் லாரிக்கு வந்தவர்கள். அந்தத் தொட்டியை டீசலில் கழுவிப் புது ஆயில் ஊற்றுவது அன்றாட வேலையாக இருந்ததால், அடிக்கடி சுத்தம் செய்வதுதான் நல்ல ஓட்டுநருக்கு அடையாளம் என்ற எண்ணம் அவர்கள் கையில் ஊறியிருந்தது. ஃபில்டருக்குள் தூளை வடிகட்டும் மடிப்புக் காகிதப் பகுதியான எலிமென்ட் வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை.

பதினொரு மாதம் கழித்து ஒரு வண்டி மேடேறத் திணறியது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயில் புகை அடித்தது. வாரத்துக்கு இரண்டு லிட்டர் ஆயில் குறைந்தது. டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகப்பட்டு நான்கு நாட்களை வீணாக்கிவிட்டுக் கடைசியில் ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் ஏறி இறங்கும் லைனரின் உட்சுவரில் இருக்க வேண்டிய குறுக்குக் கோடுகளைக் காணவில்லை. கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. பிஸ்டனின் மேல் ரிங் தேய்ந்து மெலிந்திருந்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் காற்றிழுக்கும் சக்கரத்தில் இதழ்களின் விளிம்பு உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் மழுங்கியிருந்தது. ஜல்லித் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது இரும்பைவிடக் கடினமானது. ஆயில் படலத்தில் கலந்துவிட்டால், பட்டறையில் வால்வுக்குப் போடும் அரைப்பசை செய்கிற வேலையை இன்ஜினுக்குள் செய்துவிடும்.

தூள் எந்த வழியாக உள்ளே போனது என்பதை எங்கள் தலைமை மெக்கானிக்தான் காட்டினார். ஸ்டோர் அறையின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, அந்த வண்டியின் எலிமென்ட்டுக்குள் ஒரு கைவிளக்கை இறக்கினார். “தம்பி, உள்ளே வந்து பாருங்க” என்றார். காகித மடிப்புகளின் ஓரத்தில் ஏழெட்டு இடங்களில் ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. டயருக்குக் காற்றடிக்கும் ஹோஸை அழுத்தம் குறைக்காமல் அப்படியே எலிமென்ட்டில் பிடித்திருக்கிறார்கள். லாரி டயருக்கு 100 பவுண்டுக்கு மேல் காற்று வேண்டும். காகிதமோ 30 பவுண்டுக்கு மேல் தாங்காது. அதுவும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, சற்றுத் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டியது. நேரமில்லாத நாட்களில் எலிமென்ட்டை டயரில் தட்டியதும் உண்டு என்று ஓட்டுநர் பிறகு ஒப்புக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தினமும் கழற்றச் சொன்னவன் நான்.

இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்த அந்த ஓவர்ஹால் செலவுக்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 6,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. டர்போ இருந்தால் அதற்கும் மேல். இவ்வளவு காற்று போகும் வழியில் ஊசித் துளை ஒன்று இருந்தால் போதும். இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. காகிதத்தின் மேல் படியும் தூள் அடுக்கே அடுத்து வரும் நுண்ணிய தூளைப் பிடிக்க உதவுகிறது. அதனால் புது எலிமென்ட்டைவிடச் சற்று ஓடிய எலிமென்ட் நன்றாக வடிகட்டுகிறது. அந்த அடுக்கைத்தான் நாங்கள் மாலைதோறும் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தோம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மூடியில் இருந்த தூள் சுத்தக் காற்றுப் பக்கம் உதிர்ந்தது.

ஆகவே உத்தரவைத் திருப்பிப் போட்டேன். குழாயில் பொருத்திய அடைப்பு காட்டியில் சிவப்பு வந்தால் மட்டுமே ஃபில்டரின் வீட்டை, அதாவது எலிமென்ட் உட்காரும் கூட்டை, திறக்க வேண்டும். எங்கள் வண்டிகளில் இன்ஜின் காற்றை இழுப்பதற்கு ஃபில்டர் தரும் தடை, 25 அங்குல நீர்மட்டம் என்ற அழுத்த அளவை எட்டும்போது அது சிவக்கும். இன்ஜினை நிறுத்தினாலும் பொத்தானை அமுக்கும் வரை அப்படியே நிற்கும். சிவந்தால் புது எலிமென்ட். காற்றடிக்கும் பேச்சே இல்லை. உள்ளே இருக்கும் சிறிய பாதுகாப்பு எலிமென்ட்டை எக்காரணம் கொண்டும் சுத்தம் செய்யக் கூடாது. வெளி எலிமென்ட்டை மூன்றாவது முறை மாற்றும்போது அதையும் மாற்றிவிட வேண்டும். தினசரி வேலை என்று நான் மிச்சம் வைத்தது, வீட்டின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வின் உதடுகளை அமுக்கிச் சேர்ந்த தூளைக் கொட்டுவதும், டர்போ வரை செல்லும் ஹோஸின் கிளிப்புகளைக் கையால் அசைத்துப் பார்ப்பதும்தான். அந்த ரப்பர் வால்வை இரண்டு வண்டிகளில் கம்பி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். “தூசி உள்ளே போயிடும்னு கட்டினேங்க” என்றார் ஒருவர். முதலாளிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. தூசிக்காட்டில் ஃபில்டரைத் தொடாமல் விடுவது அவருக்குச் சோம்பேறித்தனமாகவே பட்டது. மாதக் கணக்கில் எலிமென்ட் செலவு கூடியதைப் பார்த்து இருமுறை கேட்கவும் செய்தார். ஓவர்ஹால் பில்லை மேசையில் வைத்தேன். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

மற்ற வண்டிகளில் ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிவப்பு வந்தது. ஒரு வண்டியில் மட்டும் நான்கு மாதமாகியும் வரவில்லை. அதன் ஓட்டுநர் தம் வண்டியின் சுத்தத்தைப் பற்றி டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; நானும் ஒருமுறை பாராட்டினேன். பிறகு ஒரு மாலை ஏதோ உறுத்தியது. ஒரே குவாரி, ஒரே தூள். இதற்கு மட்டும் ஏன் அடைக்கவில்லை? ஃபில்டருக்கு அப்பால் உள்ள ஹோஸைக் கழற்றி உட்புறத்தை விரலால் துடைத்தேன். விரல் சாம்பல் நிறமாக வந்தது. எலிமென்ட்டைத் தூக்கிப் பார்த்தபோது, வீட்டில் உட்காரும் ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்து, கட்டை விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. காற்றுக்கு அங்கே தடையே இல்லாததால் காட்டிக்குச் சிவக்கக் காரணமும் இல்லை. வண்டியை அன்றிரவு லோடுக்கு அனுப்பவில்லை. மறுநாள் காலை ஓட்டுநர் வந்து, “அண்ணே, என் வண்டி மட்டும் ஏன் நிக்குது?” என்று கேட்டபோது, அந்த ஹோஸை அவர் கையில் கொடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னேன்.