போலித் தளம் எங்கே குடியிருக்கிறது: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

2025 மார்ச் 10, திங்கள்

செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் பக்கத்து லயத்து அக்கா, அந்தி சாயும் நேரத்தில் கைப்பேசியை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, எஸ்டிஆர் பணம் வரும்னு போட்டிருந்துச்சு, இருந்ததும் போயிருச்சே” என்றார். எஸ்டிஆர் என்பது மலேசிய அரசின் ரொக்க உதவித் திட்டம். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த இணைப்பைத் தட்டி, அடையாள அட்டை எண், வங்கிக் கடவுச்சொல், கடைசியாகக் குறுஞ்செய்தியில் வந்த எண் என்று அந்தப் பக்கம் கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார். 1,240 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது.

தளத்தைத் தேடுவது பிறகுதான். முதலில் இணைய மோசடிகளுக்கான அவசர எண்ணான 997க்கு அழைத்தோம். பணம் கணக்குக்குக் கணக்கு தாவுவதற்குள் தடுத்து நிறுத்த அந்த எண்ணும் வங்கியின் அவசர எண்ணும்தான் உதவும்; அதில் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது. அழைப்பு முடிந்ததும் பட்டணத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதினோம். படிவத்தில் கையொப்பமிட்ட அக்காவின் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தபோது, இந்தத் தளம் இன்னொரு வீட்டிலும் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை முடிந்து வீடு திரும்பியதும் முகவரியைத் திறக்காமல், எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். முன்னே ‘பந்துவான்’, ‘எஸ்டிஆர்’ என்று நம்பும்படியான சொற்கள் இருந்தன. ஆனால் ‘https://’க்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு இடப்பக்கத்தில், மலேசிய அரசுத் தளங்களின் முடிவில் இருக்க வேண்டிய ‘கவ்.மை’ (gov.my) இல்லை, ‘டாப்’ என்று முடிந்திருந்தது. பூட்டுச் சின்னம் இருந்ததாம். போகும் வழியில் தகவலை யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு சாட்சியே தவிர, மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. இணைப்பின் வாலில் அக்காவின் தொலைபேசி எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்ததால், இணைப்புகளை ஆராய்ந்து காட்டும் எந்தச் சோதனைத் தளத்திலும் இடுவதற்கு முன் அதை நீக்கினேன்.

அடுத்து, தளத்தின் களப்பெயரை (இணைய முகவரிப் பெயரை) எந்தப் பதிவாளர் நிறுவனம் பதிந்து கொடுத்தது என்று தேடினேன். களப்பெயர்களின் பதிவு விவரங்களை முன்பு ‘ஹூஈஸ்’ என்று தேடிய இடத்தில் இவ்வாண்டு ஜனவரி 28 முதல் பொதுக் களப்பெயர்களுக்கு ‘ஆர்டிஏபி’ முறையே முதன்மையாகிவிட்டது. பெயர் பதிவாகி ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருந்தது. பதிவாளர் நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் மின்னஞ்சல் மட்டும் தெளிவாக இருந்தது. பெயருக்கு உரிய ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்ணை, கண்டுபிடித்து, அந்த எண் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, தளம் அங்கேதான் குடியிருக்கிறது என்று நம்பி, இரவு 11 மணிக்குப் புகார் அனுப்பினேன்.

மார்ச் 12, புதன்

நேற்று நான் தட்டியது தவறான கதவு. அந்த நிறுவனம் தளத்தை வைத்திருக்கவில்லை. முன்னால் நின்று வருகையாளரை உள்ளே கடத்திவிடும் இடைநிலைச் சேவை மட்டுமே. புகாரை, தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் உண்மையான வழங்கி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. நில அலுவலகத்தில் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) பதிந்து கொடுப்பவர் வேறு, வாசலில் நிற்கும் காவலாளி வேறு, வீட்டை வாடகைக்கு விட்டவர் வேறு. பதிவாளர், இடைநிலைச் சேவை, வழங்கி நிறுவனம் என்ற மூவரில் எவருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினால் நாள்கள்தான் கழியும்.

வீட்டுக்காரரை நானே தேடினேன். தளங்களுக்கு வழங்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகின்றன. அங்கே இதே களப்பெயரின் கீழ் ‘மெயில்’ என்று தொடங்கும் இன்னொரு பெயர் கிடைத்தது. அது காவலாளியின் மறைவுக்குள் வராமல் நேரடியாக வேறொரு ஐபி எண்ணைக் காட்டியது. ஐபி எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஐந்து வட்டாரப் பதிவகங்களில் நம் பகுதிக்குரியது பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக். அங்கே தேடியபோது, எண் தன்னுடையதல்ல என்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைப் பதிவகத்துக்கு வழிகாட்டியது. அங்கே வழங்கி நிறுவனத்தின் பெயரும் புகார் முகவரியும் கிடைத்தன. அந்த எண்ணிலும் அதே பக்கம்தானா என்று ஒரு சோதனைத் தளத்தின் வழியே உறுதிசெய்த பிறகே எழுதத் தொடங்கினேன்; ஒரே எண்ணில் பல அப்பாவித் தளங்களும் குடியிருக்கக் கூடும்.

மார்ச் 14, வெள்ளி

வழங்கி நிறுவனத்தின் பதில் வந்தது: “நாங்கள் திறந்து பார்த்தோம், வெற்றுப் பக்கம்தான் இருக்கிறது.” இதற்காக இரண்டு நாள் காத்திருந்தேனா என்று மனம் வெதும்பியது. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. மலேசிய இணைப்பில், கைப்பேசி உலாவியில் வருபவர்களுக்கு மட்டுமே போலிப் படிவம் திறக்கிறது. கணினியிலோ வெளிநாட்டிலிருந்தோ பார்த்தால் வெள்ளைத் திரைதான். முதல் கடிதத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

இரண்டாம் கடிதத்தில் முழு முகவரியையும், தட்டினால் திறந்துவிடாதபடி புள்ளிகளை அடைப்புக்குறிக்குள் இட்டு எழுதினேன். ஐபி எண், பார்த்த நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில், எந்தக் கைப்பேசி, எந்த நாட்டு இணைப்பு, எந்த அரசு உதவித் திட்டத்தின் பெயரைத் திருடியிருக்கிறார்கள் ஆகிய விவரங்களுடன் திரைப் படங்கள் மூன்றையும் இணைத்தேன். கோபத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. புகார்ப் பெட்டியைத் திறப்பவருக்கு வேண்டியது தான் சரிபார்க்கக்கூடிய சான்று. நம் துயரத்தை அவர் சரிபார்க்க இயலாது.

அதே சான்றுகளைப் பதிவாளருக்கும் அனுப்பினேன். களப்பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு பதிவாளர்களுடன் செய்துள்ள ஒப்பந்தத்தில் 2024 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தூண்டில் மோசடிக்கு (ஃபிஷிங்) அந்தப் பெயர் பயன்படுகிறது என்று செயல்படத்தக்க சான்று கிடைத்தால் பதிவாளர் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டேன். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கும், கூகுள் பாதுகாப்பு உலாவல் பட்டியலுக்கும் தெரிவித்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் கைப்பேசியில் சோதித்தேன். பக்கம் இல்லை. வழங்கி நிறுவனம் கணக்கை முடக்கிவிட்டது. மாலையில் ஆர்டிஏபி பதிவில் பெயரின் நிலை ‘கிளையண்ட் ஹோல்டு’, அதாவது பதிவாளரே பெயரை முடக்கிய நிலை, என்று மாறியிருந்தது. இனி வேறு வழங்கிக்கு மாற்றினாலும் அந்தப் பெயர் எங்கும் போய்ச் சேராது.

மார்ச் 21, வெள்ளி

அதே படிவம், ஒரு எழுத்து மட்டும் மாறிய புதுப் பெயரில், தோட்டத்துப் புலனக் குழுவிலேயே வந்தது. அக்காதான் முதலில் பார்த்தார், “கடைசியில கவ்.மை இல்ல தம்பி” என்று குரல்பதிவு அனுப்பினார். பதிவாளர் புதியவர், வழங்கி நிறுவனம் பழையதே. பழைய புகார் எண்ணைத் தலைப்பிலேயே இட்டு, காலை 9.40க்கு எழுதினேன். நண்பகலுக்குள் பக்கம் இறங்கிவிட்டது. அக்காவின் 1,240 வெள்ளி பற்றி வங்கியிலிருந்து இன்னும் பதில் இல்லை. திங்களன்று காவல் புகாரின் நகலுடன் இருவரும் கிளைக்குப் போகிறோம்.